எனக்கு ஒட்டாது

தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் நிற்கவே இடமில்லை. ஆனாலும் நடுவில் ஓர் இருக்கை மட்டும் காலியாக வந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக, ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருமிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இருமலுக்கும் அவருடைய தோள்கள் காது வரைக்கும் ஏறி இறங்கின. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றோமே தவிர, அந்த இருக்கைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

பார்க்டேல் நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் ஒரு பெண் ஏறினார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் பெரிய குளிர்க்கோட்டு, கைகள் உள்ளே ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் பெரியது. தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே போய் அந்த இருக்கையில் அமர்ந்தார். கிழவர் மறுபடி இருமினார். அந்தப் பெண் கையைக் கோட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்து, கிழவரின் முதுகை மெல்லத் தடவிவிட்டார். கிழவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு இரண்டு பேரும் பேசாமல், நெடுநாள் பழகியவர்கள் மாதிரி, வெளியே விழும் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நான் இறங்கியபோது எனக்குப் பின்னாலேயே அந்தப் பெண்ணும் இறங்கினார். நான் போன கட்டிடத்துக்குள்ளேயே அவரும் வந்தார்.

"தமிழ்ப் புள்ளதானே? இடம் கிடக்க ஏன் மனே நிண்டுகொண்டு வந்தாய்?"

"அந்தாள் இருமினது, அன்ரி."

"அது சிகரட் இருமல். ஒண்டும் செய்யாது." லிப்டின் பொத்தானை அழுத்திவிட்டு, பெரிய விஷயமே இல்லை என்பதுபோலச் சொன்னார்: "வேற இருமலா இருந்தாலும் எனக்கு ஒட்டாது."

அது எண்பத்து நான்காம் ஆண்டுக் குளிர்காலம். நான் இந்தப் பனி நாட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அன்ரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் இப்போது புறநகரங்களான அஜக்ஸிலும் விட்பியிலும் பெரிய வீடுகளில் இருக்கிறார்கள். பெயரை எழுதினால் குடும்பம் தெரிந்துவிடும். குடும்பம் தெரிந்தால், அந்தக் குடும்பத்தில் என்ன வருத்தம், என்ன நோய் இருந்தது என்பதும் தெரிந்துவிடும். எங்கள் ஆட்களிடம் அது இன்னும் சின்ன விஷயமாகவில்லை.

அவர் மட்டக்களப்புப் பக்கம்; மகனே என்பது அவர் வாயில் 'மனே' என்றுதான் வரும். வாவிக் கரையில் ஓர் ஊர். நாங்கள் யாழ்ப்பாணத்துப் பெடியள் ஆறு பேர் ஐந்தாம் மாடியில் ஒரே வீட்டில் இருந்தோம். அன்ரி மூன்றாம் மாடியில், ஒற்றை அறையும் சமைக்க ஒரு சின்னக் குசினியும். வைத்தியசாலைகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் வேலை. சளியும் இரத்தமும் பட்ட துணிகளைப் பிரித்துப்போடும் பகுதிக்கு ஒருவரும் போக விரும்பமாட்டார்கள். அன்ரி தானாகக் கேட்டு அங்கே போனவர். வேலை முடிந்து வரும்போது அவரிடமிருந்து நீராவியின் மணம் வரும். லிப்டில் அவர் ஏறினால், மழை பெய்து வெயில் அடித்த ஒரு முற்றத்துக்குள் நிற்பது மாதிரி இருக்கும்.

அடுத்த வருஷம் இலையுதிர்காலத்தில் எனக்கு இருமல் தொடங்கியது. வெறும் சளித் தடிமன் என்று நினைத்தேன். உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலை எனக்கு. சுடுநீருக்கும் குளிருக்கும் மாறி மாறிப் போனால் தடிமன் வரத்தானே செய்யும்? ஒரு நாள் குப்பை போடக் கீழே போய்விட்டு வீட்டுச் செருப்போடு லிப்டில் ஏறினேன். உள்ளே அன்ரி நின்றார். நான் இரண்டு தரம் இருமினேன். அவர் தலையைச் சரித்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"எத்தின நாளா?"

"ஒன்றரை மாசமிருக்கும். தடிமன், அன்ரி."

"பின்னேரத்தில உடம்பு காயுதா?"

"ஓம்."

"இரவில வேர்த்துக் கொட்டுதா?"

"ஓம்."

அவர் லிப்டைத் திரும்பவும் கீழே போக விட்டார். "நட," என்றார். செருப்போடேயே என்னை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு மாலைக்குள் நெஞ்சைப் படமெடுத்து, என்னை வைத்தியசாலையில் தனி அறை ஒன்றில் வைத்துவிட்டார்கள். கசம். காசநோய்க்கு எங்கள் வாயில் உள்ள பெயர் அதுதான். அந்தப் பெயரைச் சொல்லும்போது எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்துவார்கள்.

அந்த அறையில் கிடந்த நாட்கள் எனக்கு நாட்களாக நினைவில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வாவி மாதிரிச் சாம்பல் நிறத்தில் ஏரி கிடந்தது. காய்ச்சல் ஏறும்போது ஏரி அறைக்குள் வரும், இறங்கும்போது திரும்பிப் போகும். தந்த மருந்து உடம்பிலிருந்து வெளியேறும் நீரையெல்லாம் செம்மஞ்சளாக்கியது. ஒருநாள் அழுதபோது தலையணையில் செம்மஞ்சள் பொட்டுகள் விழுந்தன. நான் செத்துப்போய், வேறு நிறக் கண்ணீர் விடும் ஓர் உலகத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். முகமூடி போட்ட மனிதர்கள் கண்கள் மட்டுமாக வந்து போனார்கள். முழு முகத்தோடு வந்தவர் அன்ரி ஒருவர்தான். தாதி கட்டிவிடும் முகமூடி, கதவைத் தாண்டியதும் அவருடைய நாடிக்குக் கீழே இறங்கிவிடும். தாதி கண்டித்துப் பேசுவார். அன்ரி சிரித்துத் தலையாட்டுவார். தாதி போனதும் முகமூடி மறுபடி இறங்கும்.

"அவ பேசுறா, அன்ரி. போடுங்கோவன்."

"முகத்த மூடிக்கொண்டு வந்தா வருத்தக்காரனுக்கு வருத்தம் கூடும். எங்கட அம்மாவ நான் பாத்தன். அப்ப எனக்குப் பதினாலு வயசு. அவவிட கோப்பையிலதான் நானும் அப்பாவும் குடிச்சம். பொறகு அண்ணன். பொறகு என்ட மனிசன். மூண்டு பேரையும் நான்தான் பாத்தன். மூண்டு பேரும் போயிட்டாங்க. எனக்கு ஒரு இருமல் வரல்ல, மனே. அப்பாவுக்கும் வரல்ல. நான் அப்பாட புள்ள."

அதைச் சொல்லும்போது பெருமையா துக்கமா என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு குரல் அவருக்கு வரும். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போன தோணியில் தனக்கு மட்டும் இடம் இல்லாமல் போன மாதிரி.

நெஞ்சு மருத்துவர் வயதான ஒரு பெண். நிதானமாகப் பேசுவார். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த வருத்தம் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் போனபின் அன்ரி கேட்டார்.

"என்ன கேட்டவ?"

சொன்னேன்.

"நீ என்ன சொன்னாய்?"

"ஒருத்தருக்கும் இல்லையெண்டு."

அன்ரி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆரு மனே செத்தது?"

நான் சுவரைப் பார்த்தேன். "மாமா. அம்மான்ர தம்பி. நெஞ்சு நோவெண்டுதான் வெளியில சொன்னது. தங்கச்சிக்கு இப்ப கலியாணம் பேசினம், அன்ரி. பரம்பரை வருத்தமெண்டு கதை வந்தால் குழம்பிப் போயிடும்."

"இந்தக் கிழவியா யாழ்ப்பாணம் போய் ஒன்ட தங்கச்சிட கலியாணத்தக் குழப்பப்போறா?"

இருமலுக்குள் சிரிப்பு வந்து மூச்சு முட்டிவிட்டது. அடுத்த நாள் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமுமாக என் குடும்பத்தை வரைந்தார். மாமாவின் சதுரத்தையும் என்னுடையதையும் பேனாவால் நிரப்பினார். அன்ரிக்கு அந்தப் படம் பிடித்துப்போயிற்று. தன்னுடையதையும் வரையச் சொல்லும்படி என்னைக் கேட்டார். அம்மா, அண்ணன், கணவன் மூன்றும் கறுப்பு. அப்பாவும் அன்ரியும் வெள்ளை. கீழே ஒரு சின்ன வட்டம் மிஞ்சியது. அது ஊரில் அன்ரியின் தங்கையிடம் வளரும் மகள். தகப்பன் நோயில் விழுந்தபோது கைக்குழந்தையாகவே அங்கே அனுப்பிவைத்த பிள்ளை.

"இதுக்கு என்ன நிறம் எண்டு கேளு," என்றார் அன்ரி.

மருத்துவர் பேனாவை மூடினார். "இதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது," என்றார்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது என் கோப்பையும் தட்டும் குளியலறை அலுமாரிக்குள் போயிருந்தன. பெடியளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கும் பயம். இனி யாருக்கும் தொற்றாது என்று மருத்துவர் கடிதமே தந்திருந்தார், ஆனால் கடிதம் பயத்தைப் போக்குவதில்லை. அன்று மாலை அன்ரி மேலே வந்தார். நான் பாதி குடித்துவைத்த தேநீரை எடுத்து, எல்லாரும் பார்க்க, மிச்சத்தைக் குடித்தார். வாயைத் துடைத்தார். "சீனி காணாது," என்றார். அவ்வளவுதான். மறுநாள் என் கோப்பை குசினிக்கு வந்துவிட்டது.

எனக்கு உறுத்தியது வேறு. எனக்குப் பக்கத்து மெத்தையில் படுத்தவன் ஓர் அச்சுவேலிப் பெடியன். ஒரே போர்வைக்குள் நாங்கள் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்திருக்கிறோம். அவனைச் சோதித்தார்கள். கிருமி அவனுக்குள்ளும் போயிருந்தது. ஆனால் அவன் கல்லு மாதிரி இருந்தான். அதே காற்று, அதே சோறு. ஏன் நான்? மாமாவுக்கும் எனக்கும் நடுவில் அப்படி என்ன ஓடுகிறது?

என்னோடு நெருங்கிப் பழகியதால் அன்ரியும் சோதனைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு தரம் ஏமாற்றிவிட்டு, மூன்றாம் தரம் எனக்காக வந்தார். கையில் குத்திய இடம் இரண்டு நாளில் பாக்குக் கொட்டையளவு தடித்துச் சிவந்தது. நெஞ்சுப் படம் எடுத்தார்கள். மருத்துவர் அதை வெளிச்சத்தில் மாட்டி, வலப் பக்க மேல் மூலையில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

கிருமி இவருக்குள் எப்போதோ போய்விட்டது. அநேகமாகச் சின்ன வயதிலேயே. பிறகும் பல தரம் போயிருக்கும். ஆனால் இவருடைய உடம்பு அதைச் சுற்றி ஒரு சுவர் கட்டி உள்ளே அடைத்துவிட்டது. அது சாகவில்லை. தூங்குகிறது. பெரும்பாலான மனிதர்களின் உடம்பு அப்படித்தான் செய்யும். சிலருடைய உடம்பால் அந்தச் சுவரைச் சரியாகக் கட்ட முடிவதில்லை. சாப்பாடு போதாமல் இருக்கலாம், நெரிசல், கவலை, வேறு நோய், எதுவாகவும் இருக்கலாம். அதோடு பிறப்பிலேயே வருகிற ஏதோ ஒன்றும் இருக்கிறது. ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது கூடுதல். உருவம் வேறான இரட்டையரில் அது குறைவு. ஆகவே பெற்றோரிடமிருந்து ஏதோ வருகிறது. அது எது என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. ஆனால் அது நோய் இல்லை. நோய் கிருமியால்தான் வருகிறது. சுவர் கட்டும் கை மட்டும்தான் ஆளுக்காள் வேறு.

எனக்கு மாமாவின் முகம் வந்தது. பரம்பரை என்றும் சொல்ல முடியாது, பரம்பரை இல்லை என்றும் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் எங்கள் வீட்டார் குரலைத் தாழ்த்தியது இந்தப் பாதி உண்மைக்குத்தானா?

அன்ரி அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய், விரலால் தொட்டார்.

"அப்ப எனக்கு ஒட்டினதா?"

"ஓம், அன்ரி. ஒட்டினது. ஆனா உங்களை ஒண்டும் செய்யேல்ல."

"உசிரோடயா கிடக்கு?"

"ஓமெண்டு சொல்லுறா."

அன்ரி விரலை அந்தப் புள்ளியிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, கனவில் பேசுபவர்போலச் சொன்னார்: "அப்ப அம்மாவும் அண்ணனும் அவரும் விட்ட மூச்சு இன்னும் எனக்குள்ளதான் கிடக்கு. நான் தனியா வந்தன் எண்டெல்லோ நினைச்சன்."

அவருடைய முகத்தில் நான் அதற்கு முன்பு காணாத ஓர் அமைதி இருந்தது. நோய் இருக்கிறது என்று சொன்னதும் சந்தோஷப்பட்ட ஒரு மனுஷியை மருத்துவரும் அன்றுதான் பார்த்திருப்பார்.

தூங்குவதை முழுக்கக் கொல்ல ஒரு குளிசை இருக்கிறது என்றார் மருத்துவர். ஒரு வருஷம் தினமும் எடுக்க வேண்டும். இந்த வயதில் ஈரலுக்குக் கொஞ்சம் கவனம் தேவை. விருப்பம் இவருடையது.

"அவர என்ட கையாலயே கொல்லச் சொல்லுறாவா?" என்றார் அன்ரி. "மாட்டன் எண்டு சொல்லு."

அதை நான் அப்படியே சொல்லவில்லை. யோசித்துச் சொல்வாராம் என்று சொன்னேன்.

அந்தப் படத்தின் ஒரு பிரதியை எப்படியோ கேட்டு வாங்கிவிட்டார். வேலையில்லாத நாட்களில் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் என்று அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது.

எண்பத்தேழில் மகள் வந்தாள். பதினாறு வயது. விமான நிலையத்துக்கு நானும் போனேன். நெடுநெடுவென்று, கழுத்தெலும்பு தெரிய, ஒரு பெண் தள்ளுவண்டியோடு வந்து நின்றாள். அன்ரி ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார் என்று பார்த்தேன். நாலடி தள்ளி நின்றுவிட்டார்.

"அவரேதான்," என்று என்னிடம் மெல்லச் சொன்னார். "அந்தக் கழுத்து. அந்தத் தோள். அப்பிடியே அவர்."

யாருக்குப் பக்கத்திலும் இடைவெளி விடாத மனுஷி, பெற்ற மகளுக்குப் பக்கத்தில் இடைவெளி விடத் தொடங்கினார். மகளைக் கட்டிலில் படுக்கவைத்துத் தான் குசினியில் பாய் போட்டார். பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகளின் கோப்பை, மகளின் தட்டு, மகளின் துவாய் எல்லாம் வேறாயின. இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை படிகளில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததைக் கண்டேன்.

"அம்மாவுக்கு என்னப் பிடிக்கல்ல, அண்ணை. சின்னனிலயும் அனுப்பிப்போட்டா. இப்பவும் கிட்ட வாறா இல்ல."

நான் மேலே போய் அன்ரியிடம் கேட்டேன். வேறு நேரமென்றால் சிரிப்பார். அன்று சத்தம் போட்டார்.

"எனக்கு ஒட்டாது. அவளுக்கு ஒட்டும்! அவள் அவரிட புள்ள. எனக்குள்ள கிடக்கிறது எழும்பினா முதல்ல ஆருக்கு மனே போகும்? எனக்கு இப்ப சீனி வருத்தமாம். போன மாசம் சொன்னாங்க. சுவர் எத்தின நாளைக்கு நிக்கும்?"

முகச் சாடையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றேன். கேட்கவில்லை. மூன்று பேருமாக மருத்துவரிடம் போனோம். மகளின் கையில் குத்திப் பார்த்தார்கள். ஒன்றுமே தடிக்கவில்லை. கிருமி அவளை இன்னும் தொடவே இல்லை. மருத்துவர் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: தகப்பனின் கழுத்து வந்ததால் தகப்பனின் பலவீனமும் வந்திருக்கும் என்றில்லை. உங்களுடைய பலமும் வந்திருக்கலாம். யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. உங்களுக்குள் தூங்கும்வரை அது யாருக்கும் போகாது, பிள்ளையைத் தாராளமாக அணைக்கலாம். ஆனால் நீரிழிவு வந்தபின், அது எழும்பாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

அன்ரி என்னைப் பார்த்தார். "அந்தக் குளிசையக் கேளு," என்றார்.

அந்த ஒரு வருஷத்தில் அவர் மெலிந்தார். மாதம் தவறாமல் ஈரலுக்கு இரத்தம் கொடுத்தார். சில நாட்களில் சோறு பிடிக்காமல் வாந்தி எடுத்தார். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. குளிசையையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்தது மகள்தான். ஏன் இந்த ஒதுக்கம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். தெரிந்தபிறகு அவள் அழவில்லை. ஆனால் பாய் குசினியிலேயே கிடந்தது. மருத்துவர் என்ன சொன்னாலும், கடைசிக் குளிசை இறங்கும்வரை கிட்ட வரமாட்டேன் என்று அன்ரி பிடிவாதமாக நின்றார்.

கடைசிக் குளிசை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அறை முழுக்கப் பால் மாதிரி வெளிச்சம். சாப்பிட்டு முடிந்ததும் மகள் குளிசையை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அன்ரி அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, பக்கத்து அறையில் இருக்கும் ஒருவரோடு பேசுவதுபோல, சாதாரணக் குரலில் சொன்னார்:

"இஞ்ச பாருங்க. உங்கட புள்ள வந்து வருசத்துக்கு மேலாகுது. ரெண்டு பேரையும் வச்சிருக்க என்னால ஏலாது. நீங்க இனிப் போங்க."

விழுங்கினார். தண்ணீர் குடித்தார். கொஞ்சம் அழுதார். மகள் மூச்சுவிடாமல் நின்றாள்.

அன்ரி முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் ஏறிச் சுவரோடு ஒட்டிப் படுத்தார். மிச்ச இடத்தைக் கையால் தட்டினார். "வா புள்ள."

மகள் தயங்கித் தயங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள்.

"அங்கால இல்ல. இஞ்சால திரும்பு."

நான் குசினியில் தட்டுகளைக் கழுவினேன். கழுவி முடித்து வந்து பார்த்தபோது இரண்டு பேரும் முகத்துக்கு முகம் வைத்து நித்திரையாகியிருந்தார்கள். அம்மா விடும் மூச்சில் மகளின் நெற்றி மயிர் அசைந்துகொண்டிருந்தது. சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.